தட்டிப் பார்த்த கதவு

இதை எழுதாமலேயே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதில் தமிழிலேயே தேறாதவன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று தெரிந்தால் வீட்டில் சிரிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. என்னைத் தெரிந்த ஒருத்தரும் இதை நம்பப்போவதில்லை, அதுதான் விஷயம். எனக்கு இருக்கிற பேர் அப்படி. வடபழனியில் ஒரே தெருவில் ரெண்டு கல்யாண மண்டபம், ரெண்டுக்கும் வழிகாட்டி வைத்திருந்த அம்புக்குறித் தட்டிகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்கு மொய் எழுதிவிட்டு விழிக்கிற கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே ரெண்டு பந்தியிலும் சாப்பிட்டவன் நான். அப்படிப்பட்டவன் வந்து, இது சத்தியமாக நடந்தது என்றால் யார் கேட்பார்கள். நீங்களும் நம்பவேண்டாம். படித்துவிட்டுப் போங்கள்.

பேய் பிசாசெல்லாம் எனக்கு எப்போதும் தமாஷ்தான். முச்சந்தியில் யாரோ சுற்றிப் போட்டிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப்போய் ஜூஸ் போட்டு, பாபு குடித்து முடித்து வாயைத் துடைத்த பிறகு, அது எங்கே கிடைத்தது என்று சொன்னவன். பாபு என் சிநேகிதன், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஜூஸ் நன்றாக இருந்தது என்பதை மட்டும் அவனால் மறுக்க முடியவில்லை.

என் மாமா கே.கே. நகரில் பழைய கதவு ஜன்னல் கடை வைத்திருக்கிறார். வீடு இடிக்கிற இடத்தில் மரச் சாமானை மொத்தமாகப் பேசி எடுத்துவந்து விற்பது. அங்கே ஆணி பிடுங்குவது என் உத்தியோகம். காலையில் ஆணி, மதியம் ஆணி, சாயங்காலம் பிடுங்கின ஆணியை எண்ணாமல் டப்பாவில் போடுவது. இப்படியே கிழவனாகிவிடுவேன் என்று இருந்தபோதுதான் ராபின் சார் கடைக்கு வந்தார். அடையாறில், ஒரு வீட்டு மாடியில், கையாலேயே கிட்டார் செய்கிறவர். பழைய ஈட்டி மரம் இருக்கிறதா என்று கேட்டார். ஈட்டி என்றால் ரோஸ்வுட். கிட்டாருக்குப் பின்பலகையும் பக்கப் பலகையும் அதில் செய்தால் சத்தம் வேறு மாதிரி வரும் என்று அதற்கு அலைகிறார்கள். காட்டில் நினைத்தபடி வெட்டிவிட முடியாது, அதனால் பழைய வீட்டில் எங்காவது மாட்டினால்தான் உண்டு.

அவர்தான் மரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பலகையைத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டவேண்டும். உதவாத மரம் டொக் என்று அங்கேயே செத்துப்போகும். நல்ல மரம் வெண்கலப் பாத்திரம் மாதிரி இழுக்கும். எத்தனை நேரம் இழுக்கிறது என்று மனதுக்குள் எண்ணினால் விலை தெரிந்துவிடும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, மூன்று தட்டு. ஒரே வாரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. "உனக்கு நல்ல காது இருக்குடா, வாய்தான் சரியில்ல" என்றார் ராபின் சார். என் வாழ்க்கையில் என்னிடம் ஏதோ ஒன்று நன்றாக இருக்கிறது என்று ஒரு மனிதர் சொன்னது அதுதான் முதல் தடவை.

வாய் சரியில்லை என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு தடவை தேக்குப் பலகைக்கு ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்து ஈட்டி என்று கொண்டுபோனேன். ஈரத்துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இன்னொரு தடவை மரம் அசல்தான், ஆனால் ஜமீன் பங்களா உத்தரம் என்று சொல்லிவிட்டேன், அறுக்கும்போது உள்ளே கட்டிலுக்குப் போடுகிற இரும்பு ஆணி இருந்து அவருடைய ரம்பத்தின் பல் போய்விட்டது. அன்றைக்கு ராபின் சார் கோபப்படவே இல்லை. "எனக்கு வீடு வீடாப் போய் மரம் தேடுற ஆள் வேணும், உன்னையே எடுத்துக்கலாம்னு இருந்தேன். இன்னொரு வாட்டி பொய் சொன்னேன்னா இந்தப் படி ஏறாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆணியா கிட்டாரா என்பது அடுத்து நான் கொண்டுபோகிற பலகையில் இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் இந்தக் கதவு. மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். வாசல் கதவு இரட்டைக் கதவு, மேலே பச்சைப் பெயிண்ட் நாலைந்து தடவை அடித்துத் தடித்துப்போய்க் கிடந்தது. மாமா தேக்கு என்று நினைத்து வாங்கினார். அவர் அளந்து பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார். தட்டமாட்டார். கதவு விற்கிறவர் யாரும் கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை, யோசித்துப் பாருங்கள். ரெண்டு மாதம் கடை மூலையில் சாய்ந்து கிடந்தது. ஒரு நாள் சும்மா ஒரு ஓரத்தில் ஆணியால் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே கறுப்பும் ஊதாவுமாக வரி வரியாக ஈட்டி. ஒரே பலகை, ஒன்றரை அடி அகலம், ஒட்டு கிடையாது.

ஒரு கதவை மட்டும் எடுத்துக் கீலைக் கழற்றி, தாழ்ப்பாளைக் கழற்றிப் பழைய இரும்பில் போட்டு, பெயிண்டைச் சுரண்டி, தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் கயிறு கோத்துக் கொட்டகையில் தொங்கவிட்டேன். மதியம் ரெண்டு மணி. நல்ல வெயில். ராத்திரி, அமாவாசை, நாய் ஊளை எதுவும் கிடையாது, பக்கத்தில் மாமா பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று தட்டு தட்டினேன்.

அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. கோயில் மணியைத் துணியில் சுற்றி அடித்த மாதிரி இழுக்கிறது. ஒன்று, ரெண்டு என்று எண்ணுகிறேன். மூன்று எண்ணுவதற்குள்,

"யாரு?"

ஒரு பொம்பளைக் குரல். பலகைக்குப் பின்னாலிருந்து. பின்னால் போய்ப் பார்த்தேன், செங்கல் குவியலும் ஒரு பூனையும். ஆனால் குரல் அங்கிருந்து வந்த மாதிரியும் இல்லை. ஒரு கூடம், ஒரு முற்றம் எல்லாம் தாண்டி, உள்ளே சமையற்கட்டிலிருந்து யாராவது குரல் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. பக்கத்து வீடாக இருக்கும் என்று மறுபடி தட்டினேன்.

"இருங்கோ, வரேன்."

மாமா பிரியாணியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "யார்ரா அது பொம்பள?"

"தெரியல மாமா. கதவுலேர்ந்து வருது."

"ஃபோன்ல இன்னாத்தயோ போட்டு வுட்டுக்கினு என்னையவே கலாய்க்கிறியா நீ. அணைச்சி வைடா அத்த."

ஃபோன் சார்ஜில் இருந்தது, அவர் தலைக்கு மேலேயே. காட்டினேன். அப்போதும் நம்பவில்லை. அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டதற்கு, "புரோக்கர்தான் வந்தான், எனக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு எலும்பைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார்.

இங்கே எனக்குப் பயம் வந்திருக்கவேண்டும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஏன் என்றால், மரத்துக்கு விலை சொல்ல நான் அது இழுக்கிற நேரத்தை எண்ணவேண்டும், இந்த அம்மா எண்ண விடமாட்டேன் என்கிறாள். ரெண்டு எண்ணினால் வரேன் என்கிறாள், மூன்று எண்ணினால் இதோ என்கிறாள். ஐந்து வரைக்கும் ஒரு தடவைகூட நான் போகவில்லை. அடுத்த நாள் தட்டினேன், கொஞ்சம் பக்கத்தில், முற்றம் தாண்டி வந்துவிட்ட மாதிரி, "கையெல்லாம் மாவா இருக்கு, செத்த இருக்கப்படாதா?" அதற்கடுத்த நாள் இன்னும் பக்கத்தில், "வரேன் வரேன்னு சொல்லிண்டே இருக்கேன், இடிச்சிண்டே இருந்தா எப்டி?" அவளுக்கும் எரிச்சல், எனக்கும் எரிச்சல். பாபு வந்தான், அவன் தட்டினபோதும் கேட்டது. என் சட்டை, கால்சட்டை, செருப்புக்கு அடி எல்லாம் தடவிப் பார்த்தான்.

"ஸ்பீக்கர எங்கடா வெச்சிக்கீற?"

"மச்சி, சத்தியமா நான் இல்ல."

"அன்னிக்கி எலுமிச்சம்பழத்துக்கும் இப்டித்தான்டா மூஞ்ச வெச்சிக்கினு இருந்த."

நான் வாழ்க்கையில் சொன்ன உண்மைகளைக் கணக்கெடுத்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றைச் சொல்கிறேன், ஒருத்தனும் கேட்கமாட்டேன் என்கிறான். தலையைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது.

கடைசியில், ராபின் சார் தட்டினால் வராமலிருக்கும், பெரியவர் ஆயிற்றே, என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் பாபுவின் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடையாறு போனேன். ரெண்டு பேருமாக மாடிக்குத் தூக்கினோம். வண்டியை ஓரங்கட்ட இடமில்லாமல் பாபு கீழேயே வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த மாடிக்கு ஒரே படிக்கட்டு, அது வண்டிக்கு நேர் எதிரே.

ராபின் சார் பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். சின்னதாக ஒரு ஓரத்தைச் சீவி மோந்து பார்த்தார். ஈட்டியைச் சீவினால் லேசாக ஒரு இனிப்பு வாசனை வரும், நூறு வருஷம் ஆனாலும் வரும். "எங்கடா கிடைச்சது?" என்றார். மயிலாப்பூர், வாசல் கதவு, என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டோம். சத்தம் சரியாகக் கேட்கவேண்டும் என்று ஏசியை நிறுத்தினார், விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார். அந்த அறையில் படிக்கட்டுக் கதவிலிருந்து மேசை வரைக்கும் கொடி கட்டி, கிட்டாருக்கு முன்பலகை செய்கிற மெல்லிய மரத் தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார், தாள் மாதிரி இருக்கும். அதெல்லாம் அசையாமல் நின்றுவிட்டது.

தட்டினார். மூன்று தட்டு. அந்தச் சத்தம் எழுந்ததும் அவர் முகம் மாறியதே, அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன். மூன்று எண்ணியிருப்பார்.

"வந்துண்டேதானே இருக்கேன்."

அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார். பலகையைப் பார்க்கவில்லை.

"ஃபோனை வெளிய வை."

படியில் வைத்துவிட்டு வந்தேன். அவர் பலகையின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினார். மறுபடி தட்டினார்.

"கை அலம்பிண்டு வரதுக்குள்ள இன்னொரு தரம் இடிக்கணுமா?"

தட்டிய கை அப்படியே நின்றது. "யார்ரா இது?"

"தெரியாது சார்."

"பொய் சொல்லாத."

"சார், இதுதான் சார் நான் சொல்ற முதல் உண்மை."

அவர் கையை இறக்கினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "கிட்டார் வாசிக்கிறவன் எவனும் அத தட்டாம இருக்கமாட்டான். ஒவ்வொரு தட்டுக்கும் இது பேசினா நான் யார்கிட்டடா குடுக்கிறது? இத நிறுத்து. முடியலன்னா எடுத்துட்டுப் போ, நீயும் போ. உன்கிட்ட நான் மூணாவது வாட்டி மாட்டமாட்டேன்."

நிறுத்து என்றால் எப்படி நிறுத்துவது, குழாயா திருகுவதற்கு. எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. பலகை முன்னால் போய் நின்று, தட்டினேன் என்று சொல்லமுடியாது, குத்தினேன்.

இந்தத் தடவை பதில் உடனே வரவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், யாரோ வேகமாக நடந்து வந்து நின்று மூச்சு வாங்குகிற மாதிரி. வளையல் மரத்தில் பட்ட சத்தம் கேட்டது. அப்புறம் குரல், கத்தாமல், காதுக்குப் பக்கத்தில்.

"யாருன்னு கேக்கறேனே, சொல்லவே மாட்டேங்கறேளே." கொஞ்சம் நிறுத்தி, "அவர் வந்துட்டாரா?"

கடைசி வார்த்தையில் எரிச்சல் கிடையாது. எனக்கு அதுதான் என்னவோ செய்தது. ராபின் சார் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டை இடித்தாயிற்று மாமி, யாரும் வரவில்லை, நாங்கள் மரம் பார்க்க வந்தவர்கள், என்று சொல்லவேண்டும். அதுதான் நிஜம். வாயைத் திறந்தேன். என் வாயைப் பற்றித்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே.

"வந்துட்டாரு மாமி. வெளிய செருப்பு கழட்டிக்கினு கீறாரு."

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. அந்தத் தாழ்ப்பாளை நானே கழற்றிப் பழைய இரும்பில் போட்டேன், பலகையில் வெறும் ஓட்டைதான் இருக்கிறது. கீல் கிரீச்சிட்டது. பலகை தொங்கின இடத்தில் அசையாமல்தான் தொங்கியது.

"வாங்கோ," என்றாள்.

அப்போது எங்களுக்குப் பின்னால், படிக்கட்டுக் கதவுப் பக்கம், ஒரு செருப்பு கீழே விழுந்தது. அப்புறம் இன்னொன்று. நானும் ராபின் சாரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். யாரும் இல்லை. படிக்கட்டுப் பக்கத்திலிருந்த முதல் தகடு லேசாக ஆடியது. அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது. ஒருவர் அவசரமில்லாமல் தோள் உரசிக்கொண்டு நடந்து வந்தால் எப்படி ஆடுமோ அப்படி, ஒன்றன்பின் ஒன்றாக, எங்கள் பக்கமாக. எனக்கும் ராபின் சாருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கதவு சாத்துகிற சத்தம், தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

கண்ணைத் திறந்தால் ராபின் சார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு நிமிஷம் கழித்து எழுந்து போய் முட்டியால் தட்டினார். இழுத்தது. நான் எண்ணினேன். எட்டு வரைக்கும் போனேன், சத்தம் இன்னும் இருந்தது. குரல் இல்லை.

"நீ என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"சும்மா சமாதானத்துக்குத்தான் சார் சொன்னேன். பொய்தான்."

"அப்ப உள்ள போனது யாரு?"

கீழே ஓடிப்போய்ப் பாபுவைக் கேட்டேன். படிக்கட்டைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தானாம், ஒரு ஈ காக்கா ஏறவில்லை என்றான்.

ராபின் சார் மரத்தை வாங்கிக்கொண்டார். என்னையும் எடுத்துக்கொண்டார், அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. "தட்டுறது நீ, பேசுறது நான். எங்கயும் வாயத் தொறக்காத." இப்போது மயிலாப்பூர், தி. நகர் என்று இடிக்கிற வீடெல்லாம் போய்த் தட்டிவிட்டு, பேசாமல் நிற்கிறேன். ஊமைப் பையன் என்று நினைத்து ஒரு வீட்டில் கூடுதலாக வடை கொடுத்தார்கள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஆணி பிடுங்குகிற வேலை போய்விட்டது, இதோடு நான் நிறுத்திக்கொள்ளலாம்.

நிறுத்த முடியவில்லை. அந்தப் பலகையை அறுத்து முதல் கிட்டார் முடிந்துவிட்டது. நாளைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார். இத்தனை மாதமும் தினம் சாயங்காலம் ராபின் சார் டீ குடிக்கப் போனதும் அதன் முதுகில் மூன்று தட்டு தட்டுவேன். மாமி என்று கூப்பிட்டும் பார்த்துவிட்டேன். சத்தம் நன்றாக இழுக்கிறது, அவ்வளவுதான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கதவைத் தட்டினதற்கே அத்தனை பேச்சுப் பேசினவள். மாவுக்கையோடு வந்து, யார் யார் என்று கேட்டுக் கேட்டு, நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித் தாழ்ப்பாளைத் திறந்தாள். வந்தவர் அவள் எதிர்பார்த்த ஆளாக இருந்தால், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை திட்டாமலா இருப்பாள். அவ்வளவு வாய் உள்ளவள், கதவு சாத்தின பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யாரென்றே தெரியாத ஒருவரை நான் அந்த வீட்டுக்குள் விட்டுவிட்டேன்.

இன்றைக்கும் தட்டிவிட்டு வந்துதான் இதை எழுதினேன். எழுதினதை ஃபோனில் பாபுவுக்கு அனுப்பினேன், வழக்கம்போல என்னைக் கலாய்ப்பான் என்று நினைத்து. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது.

"வந்துட்டாருன்னு நீ சொன்னது பொய்யின்னு உனக்கு யாரு மச்சி சொன்னது?"